வாசகர் கேள்வி: வல்லெட்டாவில் ஒரு பிற்பகல்

கேள்வி: கப்பல் பயணத்தில் மால்டாவின் வல்லெட்டாவில் பகல் 1 மணிக்கு இறங்கி, இரவு 10-க்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. எதைப் பார்க்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: துறைமுகத்திலிருந்து படியேறாதீர்கள். பரக்கா மின்தூக்கி 58 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். மேலே போனதும் முதலில் புனித யோவான் இணைப் பேராலயம். பிற்பகலில் நுழைவு சீக்கிரம் முடிந்துவிடும், ஞாயிறன்று சுற்றுப்பயணிகளுக்கு இல்லை. தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால் கூர்க்குதி செருப்புக்குத் தடை; தோளையும் மூடியிருக்க வேண்டும். இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608-இல் தீட்டிய, யோவானின் தலையை வெட்டும் காட்சி ஓவியத்தில், வழியும் இரத்தத்திலேயே ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள்.

‘மேல் பரக்கா’ தோட்டத்தின் கீழே வழக்கமாக 4 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். 20 நிமிடம் முன்னே போனால்தான் வளைவோரம் இடம் கிடைக்கும். மேலிருந்து பார்க்கக் காசில்லை.

குடியரசுத் தெரு நடக்கச் சுலபம். குறுக்குத் தெருக்கள் படிக்கட்டு. தேய்ந்த சுண்ணாம்புக்கல் மழையில் வழுக்கும், அம்மாவுக்கு வேண்டாம். மாலையில் மின்தூக்கியில் இறங்கிப் படகில் எதிர்க்கரை பிர்குவுக்குப் போகலாம். குளிர்காலத்தில் கடைசிப் படகு முன்கூட்டியே போய்விடும், ஏறும்போதே கேளுங்கள்.

பசித்தால் பட்டாணி வைத்த பஸ்திட்சி என்னும் அடுக்கு மாவுப் பலகாரம். சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, விசாரியுங்கள். நம்மூர் மூன்று முள் பிளக்கே அங்கும் பொருந்தும். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம்.