சென்னை வார்டில் எட்டு வாரம்: லண்டனிலிருந்து வரவிருக்கும் மாணவிக்கு ஒரு பதில்

அன்புள்ள பிள்ளைக்கு,

லண்டனில் இறுதியாண்டு மருத்துவம் படிக்கும் நீங்கள், எட்டு வார எலக்டிவ் பயிற்சிக்கு, அதாவது மாணவர் தாமே இடம் தேர்ந்து செய்யும் பயிற்சிக்கு, சென்னையைத் தேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அம்மம்மாவிடம் பழகிய யாழ்ப்பாணத் தமிழ் இங்குள்ள வார்டுகளில் போதுமா, நோயாளிகளிடம் உங்களை என்னென்ன செய்ய விடுவார்கள், காசநோயைப் பற்றி இங்கே கூடுதலாகக் கற்க முடியுமா, தனியாகத் தங்கிச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இந்த ஊருக்கு வந்து, இங்கேயே மருத்துவம் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவப் பிரிவில் மாணவர்களோடு ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்து தடுமாறுவது பெரும்பாலும் அதில்தான்.

மாணவனாக வார்டுக்குப் போன முதல் மாதத்தில், புளியந்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியின் கட்டிலருகே நின்று, "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். நம் ஊரில் வருத்தம் என்றால் நோய். இங்கே அது மனத்துயரம். பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மூத்த மகன் பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் போனதையும், அதற்குப் பிறகு வாசல் பக்கமே எட்டிப் பார்க்காததையும் சொல்லத் தொடங்கிவிட்டார். நிறுத்தவும் தெரியாமல் எழுதவும் தெரியாமல் நான் நின்றேன். பின்னால் வந்த உதவிப் பேராசிரியர், "என்ன பண்ணுதுன்னு கேளுப்பா" என்று மெதுவாகத் திருத்தினார். கேட்டேன். "படுத்தா மூச்சு முட்டுது, செவுத்துல சாஞ்சிக்கினே தூங்குறேன்" என்றார் பாட்டி. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறது பாடநூல். வெறும் பாயில் படுப்பவருக்குத் தலையணைக் கணக்கு ஏது, சுவர்தான் கணக்கு. இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அது ஏன் அந்த மாதத்தில் முற்றியது என்பதற்கான விடையோ நான் தவறிக் கேட்ட கேள்வியில் கிடைத்தது: உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் நீர் மாத்திரையை மாதாமாதம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்த மகன்தான்.

ஆகவே உங்கள் தமிழ் போதும், ஆனால் சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மம்மாவின் தலையிடி இங்கே தலைவலி, சத்தி என்பது வாந்தி, வயிற்றோட்டம் என்பது பேதி அல்லது லூஸ் மோஷன், நாரி நோகுது என்றால் யாருக்கும் புரியாது, இடுப்பு வலி என்றுதான் சொல்ல வேண்டும். நீரிழிவு என்று கேட்டால் விழிப்பார்கள். சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டால் மாத்திரை அட்டையையே எடுத்து நீட்டுவார்கள். வடசென்னைக்காரர் "கேரா கீது" என்றால் தலை சுற்றுகிறது என்று பொருள். "இழுப்பு" என்று ஒருவர் சொன்னால் அது மூச்சிரைப்பா, வலிப்பா என்று மீண்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "கை கால் இழுத்துக்கிச்சு" என்றால் பெரும்பாலும் பக்கவாதம். மகப்பேறு பிரிவில் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்க, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்பதே மரியாதையான வழி. இவற்றையெல்லாம் விட முக்கியமானது "கேஸ்", அதாவது வாயுத் தொல்லை, என்ற ஒரு சொல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ்தான், சோடா குடிச்சேன்" என்று சொல்பவருக்கு, வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். அந்தச் சொல்லை நம்பித் தாமதமாக வந்து சேர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, என்ன செய்ய விடுவார்கள் என்பது. நோயாளியிடம் விவரம் கேட்பது, மேற்பார்வையில் உடலைப் பரிசோதிப்பது, கேஸ் ஷீட் எனும் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைப் படிப்பது, ரவுண்ட்ஸில் நோயாளியைப் பற்றி எடுத்துச் சொல்வது, சிகிச்சைகளை அருகிலிருந்து பார்ப்பது ஆகியவைதான் உங்கள் வேலை. இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெறாத நீங்கள் மருந்து எழுதவோ, தனியாக எந்தச் செய்முறையில் இறங்கவோ கூடாது. ஆனால் கூட்டம் நிறைந்த அட்மிஷன் நாளில், தூக்கமில்லாத ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), "நீங்களே செய்யுங்களேன்" என்று ஊசியை நீட்டக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் இடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவர், வாழ்நாளில் முதல் முறையாக முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க முயன்று, நான்கு முறை குத்தினார். படுத்திருந்த தொழிலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் நான் போய்க் கேட்டபோது, "வெளிநாட்டு டாக்டரம்மா ஆச்சே, நல்லாத்தான் செய்வாங்கன்னு இருந்துட்டேன் சார்" என்றார். உங்கள் ஊரில் எதற்கு அனுமதி இல்லையோ அதை இங்கேயும் செய்யாதீர்கள். இலவசமாக வைத்தியம் பெற வந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "நான் மாணவி, உங்களைப் பரிசோதித்துப் பார்க்கலாமா, வேண்டாம் என்றாலும் உங்கள் வைத்தியம் நிற்காது" என்று ஒவ்வொரு கட்டிலிலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் அறையில் இன்னொரு கவனம் வேண்டும். லண்டனில் குழந்தை ஆணா பெண்ணா என்று பெற்றோர் கேட்டால் சொல்வது வழக்கம். இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளியிடுவது குற்றம். வாயால் மட்டுமல்ல, சைகையால் காட்டினாலும் குற்றம்தான். வராண்டாவில் ஒரு மாமியார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார். உங்கள் முகம்கூட எதையும் காட்டக் கூடாது.

காசநோயைக் கற்க இதைவிடப் பொருத்தமான ஊர் உங்களுக்குக் கிடைப்பது அரிது. 1956இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் இந்தியர்களோடு சேர்ந்து இங்கே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். மாத்திரையோடு நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து சானட்டோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், வைத்துப் பார்த்தவர்களையும், நெரிசலான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரையைச் சாப்பிட்ட ஏழைகளையும் ஒப்பிட்டு, ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்றும், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றும் 1959இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட வழி செய்தது. உங்கள் ஊர் மார்பு கிளினிக்கில் நோயாளியை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தத் துணிச்சல் சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் பிறந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. லண்டனிலிருந்து வந்து இங்கே மருத்துவம் கற்கும் முதல் பெண் நீங்கள் அல்ல. பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்த 1875இல், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் சேர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் அதற்குப் பின்னர் வந்தது.

தங்கும் விஷயம் பெரிதல்ல. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் லேடீஸ் ஹாஸ்டல் பாருங்கள், இல்லையேல் மெட்ரோ நிலையத்துக்கு அருகில். விசாவில் மட்டும் கவனமாக இருங்கள்: மருத்துவமனையின் அனுமதிக் கடிதத்தில் பிரிவின் பெயர், தேதிகள், மேற்பார்வையாளர் யார் என்பவை எல்லாம் இருக்க வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்திடம் காட்டி, எந்த விசா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா விசாவே போதும் என்று உறவினர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வாருங்கள். முகத்துக்குப் பொருந்தும் என்.95 முகக்கவசங்களை அங்கேயே வாங்கி வருவது நல்லது. பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே கழுவிவிட்டு, டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரம் கடந்தால் அதனால் பயனில்லை.

விமானம் ஏற இன்னும் நேரம் இருப்பதால் ஒரு வேலை தருகிறேன். ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, அம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பின் உறுப்புகளுக்கும் நோவுகளுக்கும் அவர் சொல்லும் சொற்களையெல்லாம் இடப்பக்கத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவாருங்கள். முதல் வாரத்தில் வார்டு சிஸ்டர்களிடம் கேட்டால் அவர்களே அதை நிரப்பிவிடுவார்கள்.