புதிய தேடுபொறி ஏன் ஏமாற்றியது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதிதாக வந்திருக்கும் தேடுபொறியை மூன்று நாளாக, வேறு எதையும் தொடாமல் பயன்படுத்தினேன். வந்து ஒரு வாரம்கூட ஆகாததால் பெயரைச் சொல்லவில்லை. வலைப்பக்கங்களைத் திரட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போடும் வேலையைப் பல வருடம் செய்தவன் நான், ஆசையோடுதான் திறந்தேன். மனசு விட்டுப்போச்சு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, சுருக்கமா சொல்லுங்க, எங்க சொதப்பல்?

வரிசைப்படுத்துவதில். சரியான பக்கம் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் இருபது முப்பது விடைகளுக்குக் கீழே கிடக்கிறது. மேலே நிற்பதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள்.

கேள்வி: மற்றவங்களைவிடப் பல மடங்கு பக்கம் வச்சிருக்கோம்னு விளம்பரம் பண்றாங்களே சார்?

இதே பேச்சை 2008 ஜூலை 28 அன்று கேட்டோம். கூகுளில் வேலை பார்த்த அன்னா பேட்டர்சனும் அவர் கணவர் டாம் காஸ்டெல்லோவும் மற்றவர்களும் சேர்ந்து ‘கூல்’ என்ற தேடுபொறியைத் தொடங்கினார்கள். சுமார் 12,000 கோடி பக்கங்கள், கூகுளைப்போல் மூன்று மடங்கு என்றார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் திணறியது. விடைகளுக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத படங்கள் வந்து நின்றன. 2010 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

அது தொடங்குவதற்கு மூன்று நாள் முன்புதான், தாங்கள் கண்ட இணைய முகவரிகள் 1 லட்சம் கோடியைத் தொட்டுவிட்டதாக கூகுள் எழுதியிருந்தது. முகவரி வேறு, படிக்கத் தகுந்த பக்கம் வேறு. ஒரு தளத்தில் நாட்காட்டி இருந்து, அதில் ‘அடுத்த மாதம்’ என்ற பொத்தானும் இருந்தால் போதும். திரட்டும் நிரல் அதை அழுத்திக்கொண்டே போய் முடிவில்லாமல் வெற்றுப் பக்கங்களைச் சேர்க்கும். எண்ணிக்கை ஏறும், பயன் ஏறாது.

கேள்வி: தமிழ்ல தேடிப் பார்த்தீங்களா?

எனக்கு அதிகம் வலித்தது இங்கேதான். ‘கொசு’ என்று தட்டினேன். பிறகு பழைய கோப்பு ஒன்றிலிருந்து அதே சொல்லை நகலெடுத்து ஒட்டினேன். முதல் விடையே மாறிவிட்டது! காரணம், ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியைச் சில மென்பொருள்கள் ஒரே குறியீடாகச் சேமிக்கும்; சில, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் சமம் என்று, கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடே வரையறுத்திருக்கிறது. அட்டவணை போடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவமாக்குவது அடிப்படை வேலை. அதைச் செய்யவில்லை.

அடுத்தது வேற்றுமை உருபு. மரம், மரத்தை, மரங்களில் எல்லாம் நமக்கு ஒரே சொல். உருபு சேர்ந்ததும் ‘ம்’ போய் ‘மரத்து’ என்று வடிவமே மாறுகிறது. இந்தத் தேடுபொறி மூன்றையும் மூன்று தனிச் சொற்களாக எடுத்துக்கொள்கிறது. ‘மரத்தை’ என்று கேட்டால் ‘மரம்’ என்றிருக்கும் நல்ல கட்டுரை வருவதே இல்லை. தமிழ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து அரை மணி நேரம் தேடச் சொல்லியிருந்தால்கூட இது தெரிந்திருக்கும்.

கேள்வி: முதல் வாரக் கூட்டத்தால இப்படி இருக்கலாம் இல்லையா? அவசரப்பட்டுட்டீங்களோ?

நியாயமான கேள்வி. அட்டவணையைப் பல கணினிகளில் பிரித்து வைத்திருப்பார்கள். நெரிசலில் சில கணினிகள் நேரத்துக்குப் பதில் தராவிட்டால் அவற்றில் இருக்கும் விடைகள் விட்டுப்போகும். அதனால் அதே சொற்களை நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் தட்டிப் பார்த்தேன். வேகம் கூடியது. வரிசை மாறவில்லை.

கேள்வி: நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. நாம் தேடியதைச் சேமித்து வைக்க மாட்டோம் என்கிறார்கள். அந்த ஒன்றுக்காகவே இது பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: நாங்களே எப்படிச் சோதிக்கிறது?

உங்களுக்குக் கரைத்துக் குடித்த விஷயம் ஒன்றை எடுங்கள். எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்று தேடும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். விடைகளைப் பார்த்த பிறகு யோசித்தால், வந்ததே சரி என்று தோன்றிவிடும். இப்படிப் பத்துத் தேடல் போதும்.

கேள்வி: குறை எழுதினா படிப்பாங்களா?

‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தட்டிய சொல், எதிர்பார்த்த பக்கம், அது எத்தனையாவதாக வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். ‘கொசு’வையும் ‘மரத்தை’யும் நான் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.