விற்பனைக்கு வராத முஸ்தபா – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி நாட்களில் வீடியோ கேம் கடையில் காயின் போட்டு ஆடிய ‘முஸ்தபா’வையும் ‘கேப்டன் கமாண்டோ’வையும் இணையத்திலிருந்து இறக்கி, மேம் எமுலேட்டரில் என் மகளுடன் ஆடிவருகிறேன். மென்பொருள் துறையில் இருக்கும் என் தம்பி, எமுலேட்டரே சட்டவிரோதம், நான் செய்வது திருட்டு என்கிறான். முஸ்தபாவைக் காசு கொடுத்து வாங்க நான் தேடாத இடமில்லை. எங்கும் விற்காத ஒன்றை எடுத்தால் யாருக்கு நட்டம்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எமுலேட்டர் வேறு, அதில் ஓடும் விளையாட்டின் நகல் வேறு. பழைய கருவி செய்த வேலையை இன்றைய கணினியில் செய்துகாட்டும் நிரலை ஒருவர் தாமே எழுதுவது குற்றமில்லை. பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனம் மீது சோனி தொடுத்த வழக்கில், பிளேஸ்டேஷனின் பயாஸ் (கருவியை இயக்கும் அடிப்படை) நிரலை ஆராய்வதற்காக நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. உங்கள் தம்பி, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான யுசு எமுலேட்டர் மீதான வழக்கை மனத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். 2024-ல் நின்டெண்டோ தொடுத்த அவ்வழக்கு, விளையாட்டுகளின் மறையாக்கப் பூட்டை, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி நிரலை மாற்றி வைக்கும் காப்பை, திறப்பது பற்றியது. விசாரணைக்குப் போகாமல் 24 லட்சம் டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது.

நகல் விஷயத்தில் தம்பி பக்கம் நியாயம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. முறைப்படி கையில் வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்களிடம் அந்த விளையாட்டுகளின் மூலப் பலகைகள் (கடை இயந்திரத்துக்குள் விளையாட்டுச் சிப்புகளைத் தாங்கும் மின்சுற்றுப் பலகைகள்) இல்லை, ஆகவே நீங்கள் இறக்கியது இந்தச் சலுகைக்குள் வராது. கடையில் இல்லை என்பதால் ஒருவருடைய உரிமை காலாவதியாகிவிடாது. அவர் கேட்காமல் இருப்பது அனுமதியும் ஆகாது.

ஆனால் ‘திருட்டு’ என்ற சொல்லை முஸ்தபாவுக்கு என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் ஒரு பாத்திரத்தின் பெயரால் வழங்கும் அந்த விளையாட்டு, ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற பெயரில் ஜப்பானிய நிறுவனமான காப்காம் 1993-ல் வெளியிட்டது. ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையின் உரிமம் பெற்று உருவாக்கியது. நிரல் ஒருவரிடமும் கதைமாந்தர் இன்னொருவரிடமும் இருப்பதால், இரு தரப்பும் கையெழுத்திடாமல் அது மீண்டும் வெளிவர இயலாது. வீட்டுக் கருவிகளுக்கு அது வந்ததே இல்லை.

முஸ்தபாவின் மூலப் பலகையைப் பாருங்கள். ஒலியைக் கவனிக்கும் செயலிக்கான நிரல் அதில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி, சிறு பேட்டரி ஒன்றின் மின்சாரத்தில் உயிரோடிருக்கும் நினைவகத்தில் இருக்கிறது. கள்ளப் பலகைகளைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பேட்டரி தீர்ந்த அன்று சாவி அழிகிறது; விளையாட்டு முழுவதும் சிப்புகளில் அப்படியே இருந்தும் பலகை ஒழுங்காக இயங்காது. அதாவது, காசு கொடுத்து முறையாகப் பலகையை வாங்கிய கடைக்காரரும் ஒருநாள் அதை இழக்கிறார். நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் தரும் உரிமையோ 95 ஆண்டுகள். 1993-ஐ வைத்துக் கணக்கிட்டால் 2088 வரை. அதற்குள் எத்தனை பலகைகள் மிஞ்சும்? நிக்கோலா சால்மோரியா 1997-ல் தொடங்கிய மேம் திட்டத்தின் தன்னார்வலர்கள் இத்தகைய பலகைகளைச் சிப்பு சிப்பாக ஆராய்ந்து எழுதி வைத்திராவிட்டால், உங்கள் மகள் முஸ்தபாவைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை பெரிது.

முஸ்தபா தனிக்கதை இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று, பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கண்டறிந்தது. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கத் தரலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. முறையான கதவை அடைத்துவிட்டு, வேலி தாண்டியவரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

கேப்டன் கமாண்டோவுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. 2018-ல் காப்காம் ஏழு அடிதடி விளையாட்டுகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. கேப்டன் கமாண்டோ அதில் இருக்கிறது, முஸ்தபா இல்லை. உரிமையாளரே விற்க முன்வந்திருக்கும்போது இணைய நகலை வைத்திருப்பது தவறு. அதை அழித்துவிட்டுத் தொகுப்பை வாங்குங்கள். முஸ்தபாவை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். பிறருக்கு அனுப்பாதீர்கள். ஆயிரம் விளையாட்டுகளை அடைத்து விற்கும் பெட்டிகளையும் வாங்காதீர்கள். அதில் காசு பார்ப்பவர் அவற்றை உருவாக்கியவரும் இல்லை, மேம் தன்னார்வலரைப்போல் காத்தவரும் இல்லை. இரு தரப்பும் இணங்கி முஸ்தபா என்றாவது விற்பனைக்கு வந்தால், முதல் நாளே வாங்கி மகளோடு ஆடுங்கள்.

அன்புடன்.