கேம்பாயைச் செய்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 42. கோவையில் இருக்கிறேன். 1993-ல் மாமா சிங்கப்பூரில் இருந்து கேம்பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றை வாங்கி வந்தார், கூடவே விழுகிற கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டு உள்ள ஒரே ஒரு கேட்ரிட்ஜ். செல் தீர்ந்துபோனால் ரேடியோவில் இருப்பதைக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தச் சாம்பல் நிற டப்பா, பச்சைத் திரை, ஆன் செய்ததும் வரும் ‘டிங்’ சத்தம் எல்லாம் இன்றும் நினைவில் இருக்கின்றன. போன மாதம் ஒரு பழைய கேம்பாயை ஆன்லைனில் வாங்கினேன். திரையில் நெட்டாகச் சில கோடுகள் வரவில்லை. பத்து வயது மகளிடம் கொடுத்து, எங்கள் காலத்தில் இதுதான் எங்களுக்கு எல்லாம் என்று விளக்கினேன். ஐந்து நிமிடத்தில் “கலரே இல்லையேப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் அனுபவித்த சந்தோஷம் இந்தத் தலைமுறைக்குக் கிடைக்காதா? இந்த ஏக்கம் வயதாவதன் அடையாளமா? பழைய கேம்களை ஆயிரக்கணக்கில் ஏற்றி விற்கிறார்களே, அந்தப் புதிய கருவியை அவளுக்கு வாங்கித் தரலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கியிருக்கிறேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வயதைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். பத்து வயதில் பிடித்தது நாற்பதிலும் பிடித்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தலைமுறைக் கேள்வியும் எனக்கு முக்கியமில்லை. உங்கள் மகளுக்கு அவளுடைய சந்தோஷங்கள் இருக்கும், அவற்றை அவளே தேடிக்கொள்வாள்.

என் வருத்தம் வேறு. உங்கள் கடிதத்தில் மாமா வருகிறார், அப்பா வருகிறார், பக்கத்து வீட்டுப் பையன்கள்கூட வருகிறார்கள். அந்தக் கருவியைச் செய்த மனிதரைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துக் கொஞ்சும் ஒரு பொருளை யார் செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையா? ஒரு சினிமாப் பாட்டு என்றால் இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், வருடம் எல்லாம் ஒப்பிப்போம். கையில் பிடித்திருந்த கருவி மட்டும் எப்படியோ தானாக வந்துவிட்டது. இது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம், ஆனால் கெட்ட பழக்கம்.

அவர் பெயர் கும்பெய் யோகோய். 1965-ல் அவர் கியோட்டோவில் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு செய்கிற கம்பெனி. மின்னணுவியல் படித்துவிட்டு, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில், நீண்டு சுருங்கிப் பொருளைப் பிடிக்கிற ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். திட்டுவதற்குப் பதிலாக அதையே விற்கிற மாதிரி செய்யச் சொன்னார். 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்று வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

எழுபதுகளில் ஷார்ப், காசியோ போன்ற கம்பெனிகள் போட்டி போட்டுக் கால்குலேட்டர் விலையை இறக்கின. ஒருநாள் புல்லட் ரயிலில், பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே வந்த ஒருவரை யோகோய் பார்த்தார். அதிலிருந்து 1980-ல் பிறந்ததுதான் ‘கேம் அண்டு வாட்ச்’ என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. கால்குலேட்டரின் அதே வகைத் திரை, அதே பொத்தான் பேட்டரி. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, விலை விழுந்து, குறைகள் எல்லாம் தெரிந்துபோன பழைய தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பது. வாழ்நாள் முழுக்க அவருடைய வழி அதுதான்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். “கலரே இல்லையேப்பா” என்றாளே, கேம்பாயை வெளியிட்ட 1989-ல் நிண்டெண்டோவுக்கு உள்ளேயே அந்தக் கேள்வி இருந்தது. அந்த வருடமே அட்டாரி லிங்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது, அடுத்த வருடம் செகாவின் கேம் கியர். போட்டிக் கம்பெனியின் கருவி வந்துவிட்டது என்று பதறி வந்த சக ஊழியரிடம், கலரா கறுப்பு வெள்ளையா என்று மட்டும் யோகோய் கேட்டாராம். கலர் என்றதும், அப்படியானால் கவலையில்லை என்றாராம். அந்த இரண்டு கருவிகளுக்கும் ஆறு செல் வேண்டும், நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம்பாய்க்கு நான்கு செல், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு இதுதான் பனிமனிதன் என்று சொன்னால், பார்க்கிறவர்களுக்குப் பனியின் வெண்மை தானாகத் தெரியும் என்று யோகோய் விளக்கியிருக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். விளையாடுகிற குழந்தையின் மனதை நம்பி ஒருவர் பொறியியல் செய்திருக்கிறார்.

கேம்பாய் அவர் ஒருவருடைய வேலை இல்லை. அவர் குழுவில் இருந்த சத்தோரு ஒகடாவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கேம்பாய் வாங்க வசதி கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது திருவிழாக் கடையில் விற்ற ‘9999 இன் 1’ என்ற கையடக்க வீடியோ கேம். பேருக்குத்தான் 9999. உள்ளே சில விளையாட்டுகளையே வேகம் மாற்றி, கட்டம் மாற்றி எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அணைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பத்துக்கு இருபது கட்டங்களும் கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரியும். விழுகிற கட்டைகள் எல்லாம் ஏற்கனவே அங்கேயே இருக்கின்றன என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் கொஞ்சநஞ்சமில்லை.

அதில் ஒரு வரிசை வராமல் போனால், விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வாட்ச் ரிப்பேர் கடைக்கு ஓடுவோம். அவருடைய மேஜையில் பருப்புக் கடை, எண்ணெய்க் கடைக் கால்குலேட்டர்கள் வரிசையாக இருக்கும். எங்கள் வீடியோ கேமும் அந்த வரிசையில்தான் உட்காரும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறப்பார். திரைக்கும் போர்டுக்கும் நடுவில் சேமியா போல ஒல்லியாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும். மின்சாரம் கடத்துகிற அடுக்கு ஒன்று, கடத்தாத அடுக்கு ஒன்று என்று மாறி மாறி ஒட்டிய பட்டை அது. போர்டில் இருந்து கண்ணாடிக்குச் செய்தி போவது அதன் வழியாகத்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைத்து, இடம் பார்த்து வைத்து மூடினால் காணாமல்போன வரிசை வந்துவிடும். “கால்குலேட்டருக்கும் இதுக்கும் உள்ளே ஒரே வேலைதான் தம்பி” என்பார். யோகோய் ரயிலில் பார்த்ததை இந்த மனிதர் தன் மேஜையில் பார்த்திருக்கிறார். அந்த ரயில் கதையைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்தப் பருப்புக் கடைக் கால்குலேட்டர்கள்தான் ஞாபகம் வந்தன.

பழைய, பழகிய பாகங்களால் செய்ததால்தான் அந்தக் கருவிகளை ஒரு சின்ன ஊரின் வாட்ச் கடையில் திறந்து சரிசெய்ய முடிந்தது. நீங்கள் ஏங்குகிற பொருளின் பெருமையில் பாதி அங்கே இருக்கிறது. அதை ‘டிங்’ சத்தமாகவும் சாம்பல் நிறமாகவும் மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

யோகோயின் கடைசி வருடங்கள் வேதனையானவை. 1995-ல் அவர் கொண்டுவந்த ‘வர்ச்சுவல் பாய்’ என்ற வீடியோ கேம் கருவி படுதோல்வி. 1996-ல் கம்பெனியை விட்டு வெளியேறினார். 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்துபோனார், வயது 56. வேறொரு கம்பெனிக்காக அவர் பங்களித்த ‘வொண்டர்ஸ்வான்’ என்ற கையடக்கக் கருவி 1999-ல்தான் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, ஒரே ஒரு செல். கடைசிவரை அவர் வழி மாறவில்லை.

சரி, உங்கள் கேம்பாயின் கோடுகள். அதைக் குப்பை என்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். இந்த மாடலில் நெட்டுக்கோடு போவது வழக்கமான கோளாறு. திரையின் அடியில் ஒட்டியிருக்கும் ரிப்பன் கேபிள் பிடி விட்டிருக்கும். பின்பக்கத் திருகுகள் மூன்று கால் தலை உள்ளவை, அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். செல்லைக் கழற்றிவிட்டுத் திறந்து, திரையின் கீழ்விளிம்பில் இருக்கும் ரப்பரை மெல்லத் தூக்கி, ரிப்பன் மேல் சால்டரிங் ஐயனை லேசான சூட்டில் மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகிவிடும். கைப்பழக்கம் இல்லை என்றால் மொபைல் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மகளையும் கூட்டிப்போங்கள், ஆனால் ‘எங்கள் காலத்தில்’ என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பிரசங்கம் செய்துவிட்டுக் கொடுத்த பொம்மையோடு எந்தக் குழந்தை விளையாடும்? அவள் கேட்டது நல்ல கேள்வி, அதற்கு யோகோய் சொன்ன பதிலை மட்டும் சொல்லுங்கள். அதற்கு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஆயிரம் கேம் ஏற்றிய கருவி உங்கள் விருப்பம். எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை.

அன்புடன்.