நாற்காலியை எறிந்தவரும் சிரிக்காதவரும்

வணக்கம் சார்,

இண்டியனாபொலிஸ் பக்கம் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கரூர். பையன் புளூமிங்டனில், இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்தான். அவன் சேர்ந்த வருஷம் பிடித்த விளையாட்டுப் பைத்தியம், அவன் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றில், ‘கோச்சைத் திட்டுவது ரசிகனின் பிறப்புரிமை’ என்று ஒரு வரி வந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2026 ஜனவரியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி தேசிய சாம்பியன் ஆனது. நானும் கத்தினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு நெருடல். கோச் கர்ட் சிக்னெட்டி இந்த அணியை வளர்த்தாரா, வேறு கல்லூரிகளிலிருந்து ஆள் வாங்கினாரா? எங்கள் பழைய பாஸ்கெட்பால் கோச் பாப் நைட் பதினெட்டு வயதுப் பையனை எடுத்து, நாலு வருஷம் கூடவே வைத்து, படிப்பில் பட்டமும் வாங்க வைத்து ஆளாக்கி அனுப்பினார். இன்றைக்குக் கோச் என்பவர் தரகர். பாஸ்கெட்பாலில் 1987-க்குப் பிறகு நாங்கள் ஒன்றும் கிழிக்காததற்கும் இதுதான் காரணம். நைட் மாதிரி கண்டிப்பான ஆள் ஒருவர் வந்தால் ஒழிய விடிவு இல்லை. அவரிடம் ஆடி, பிறகு கோச்சாக வந்த மைக் உட்சனை நாலே வருஷத்தில் அனுப்பியதும் தப்பு.

‘கரூர்க்காரருக்கு இதில் என்ன வந்தது?’ என்று மனைவி கேட்கிறாள். அதற்கும் நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் நான் நடுவர் இல்லை. 1998-லிருந்து இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாக அதே புளூமிங்டனில் மாணவனாக இருந்தவன்.

பாஸ்கெட்பால் அரங்கான அசெம்ப்ளி ஹாலில் எனக்குக் கட்டுப்படியான இடம் பால்கனிதான். பதினேழாயிரம் பேர் உட்காரும் அரங்கு, ஆனால் வட்டமாக விரியாது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு மாதிரி செங்குத்தாக ஏறும். மேல் வரிசையில் உட்கார்ந்தால் முன்வரிசைக்காரரின் தலை நம் முழங்காலுக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து ஆட்டக்காரர்களின் உச்சந்தலைதான் தெரியும். முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் பனியனில் பெயரும் கிடையாது, எண் மட்டும்தான். அது இண்டியானா பாஸ்கெட்பாலின் வழக்கம். உடம்பைச் சூடாக்க ஓடி வரும்போது எல்லாரும் சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட கால்சட்டையில் வருவார்கள், திருவிழாக் கடையின் குச்சி மிட்டாய் போல. அத்தனை மிட்டாய்களுக்கு நடுவே எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே ஆள், ஓரத்தில் சிவப்பு ஸ்வெட்டரில் நின்று நடுவரை முறைத்துக்கொண்டிருந்த பெரியவர்.

கல்லூரி விளையாட்டில் கோச் ஏன் இவ்வளவு பெரிய ஆள் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பால்கனியைத்தான் சொல்வேன். ஆட்டக்காரன் வந்து போகிறவன். கோச்தான் தங்குகிறவர், அதனால் ரசிகனுக்கு அணி என்றால் அவர் முகம். நைட் 1971-ல் வந்து இருபத்தொன்பது வருஷம் இருந்தார். 1976, 1981, 1987 என்று மூன்று தேசிய சாம்பியன் பட்டங்கள். அதிலும் 1976 அணி 32 ஆட்டம் ஆடி 32-ம் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஆண்கள் கல்லூரிப் பாஸ்கெட்பாலின் முதல்நிலைப் பிரிவில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் யாரும் பட்டம் வாங்கவில்லை.

1985 பிப்ரவரியில், அதே மாநிலத்துப் பரம எதிரியான பர்டியூ பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மைதானத்தின் குறுக்கே எறிந்தவரும் இவரேதான். அதை ஊரில் யாரும் வெட்கத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தா ஜமீன்தாரோடு மல்லுக்கட்டிய கதை மாதிரி சொல்வார்கள்.

2000 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். பழைய பயிற்சி ஒன்றில் ஓர் ஆட்டக்காரனின் கழுத்தில் கை வைத்த வீடியோ அந்த வருஷம் வெளிவந்திருந்தது. இனி ஒரு தப்பு நடந்தாலும் பொறுக்க மாட்டோம் என்று நிர்வாகம் எச்சரித்திருந்தது. அப்புறம் ஒரு மாணவனின் கையைப் பிடித்து மரியாதைப் பாடம் நடத்தினார் என்று புகார். அன்று இரவு மாணவர்கள் திரண்டு பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்டின் வீட்டை நோக்கிப் போனார்கள். அவருடைய கொடும்பாவி எரிந்தது. நானும் போனேன். என் அறைத்தோழன் அழுதுகொண்டே வந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, நைட்டோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால் உங்கள் ஏக்கம் எனக்குப் புரியாதது அல்ல. ஆனால் ஏக்கத்தை வைத்துக்கொண்டு சரித்திரம் எழுதக்கூடாது.

நைட் காலத்தில் எல்லாரும் நாலு வருஷம் இருந்தார்கள் என்கிறீர்கள். 1974-ல் ஃபிரெஞ்ச் லிக் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பையன் அவரிடம் சேர வந்தான். புளூமிங்டன் ஒத்துவராமல் ஒரு மாதம்கூட ஆவதற்குள் மூட்டை கட்டிவிட்டான். பிறகு இண்டியானா ஸ்டேட் என்ற வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த அணியை 1979-ல் இறுதியாட்டம் வரைக்கும் கொண்டுபோனான். பெயர் லாரி பேர்ட். 1981 பட்டத்தின் நாயகன் ஐசையா தாமஸ் இரண்டே வருஷத்தில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 1987 இறுதியாட்டத்தில் சிராக்யூஸுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் பந்தைப் போட்டு 74-73 என்று ஜெயிக்க வைத்த கீத் ஸ்மார்ட், இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர். வெளியில் தேறிய ஆளைக் கூட்டி வருவதை சிக்னெட்டி கண்டுபிடிக்கவில்லை. நைட்டின் கடைசிப் பட்டமே அப்படி வந்ததுதான். அவரிடம் பெரும்பாலோர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள் என்பது உண்மை, அதை நான் குறைக்கவில்லை.

சரி, நைட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று? உதவியாளராக இருந்த மைக் டேவிஸ் 2002-ல் இறுதியாட்டம் வரை போனார். அதுவும் போதவில்லை, நாலு வருஷத்தில் போக வேண்டி வந்தது. கெல்வின் சாம்ப்சன் வந்தார். புது ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் போன் பேசினார் என்பதற்காக 2008-ல் வெளியேற்றினார்கள். அந்தப் போன் விதிகளைப் பிற்பாடு பெருமளவு தளர்த்தியும் விட்டார்கள் என்பது தனிக் கதை. அதே சாம்ப்சன் ஹூஸ்டனை 2025 இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோய் ஃபுளோரிடாவிடம் இரண்டே புள்ளியில் தோற்றார். சாம்ப்சன் விட்டுப்போன இடிபாட்டில் முதல் வருஷம் 6 ஆட்டம் மட்டுமே ஜெயித்துத் தொடங்கிய டாம் கிரீன், 2013-லும் 2016-லும் இண்டியானா ஆடும் பிக் டென் பிரிவில் முதலிடம் பிடித்தார். 2017-ல் அவரும் வெளியே. அடுத்து ஆர்ச்சி மில்லர், அவர் கதை சுருக்கம். பிறகுதான் உங்கள் உட்சன்.

உட்சனை ஏன் எடுத்தார்கள்? நைட்டின் சிஷ்யப்பிள்ளை என்பதால். உங்களுக்கு அவரைப் பிடித்ததும் அதனால்தான். 2025 ஜனவரியில், தான் ஆடிய அதே அரங்கில், அவரை அனுப்பச் சொல்லி ரசிகர்களே கோஷம் போட்டார்கள். ஓர் ஆளை அவருடைய குருவுக்காகவே அழைத்து வந்து, குரு மாதிரி இல்லை என்று விரட்டுவது. இது நமக்குத் தெரியாத கதையா? கூரையிலிருந்து தொங்கும், நைட்டுக்கு முந்தைய இரண்டையும் சேர்த்து ஐந்து சாம்பியன் கொடிகளுக்கும் கீழே நின்றுதான் எந்தக் கோச்சும் வேலை பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு ஆட்டமும் வந்திருக்கும் அணியோடு மட்டுமல்ல, 1976-வோடும்தான்.

இப்போது கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி ஃபுட்பால் மைதானத்துக்கு வாருங்கள். பெரிய அணிகளின் வரிசையில் சரித்திரத்திலேயே அதிக ஆட்டம் தோற்ற அணி என்ற பெயரை இண்டியானா வருஷக்கணக்காகச் சுமந்தது. என் காலத்தில் சனிக்கிழமை காலை வாகனங்களின் பின்கதவைத் திறந்து வைத்து, கறி சுட்டு, பியர் குடித்து, ஆட்டம் தொடங்கினாலும் உள்ளே போகாமல் அங்கேயே இருப்பார்கள். உள்ளே போனவர்களும் இடைவேளையில் வெளியே வந்துவிடுவார்கள். ஒஹாயோ ஸ்டேட் ஆட வந்தால் நம் மைதானத்தில் அவர்கள் கூட்டம்தான் அதிகம். ஆட்டம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. அப்போதைய கோச் டாம் ஆலனை அனுப்புவதற்கே 1.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்த நவம்பர் 1-ம் தேதி, புளூமிங்டனில், 83 வயதில் நைட் இறந்தார். அதே மாதம் 30-ம் தேதி சிக்னெட்டியை நியமித்தார்கள். இதில் விதி, கணக்கு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. தேதிகள் அப்படி அமைந்தன.

அவருக்கு அப்போது 62 வயது. அலபாமா பல்கலைக்கழகத்தில் பேர்பெற்ற கோச் நிக் சேபனுக்குக் கீழே ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர். 2011-ல் அதை விட்டுவிட்டு, இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடும் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பெயர் இண்டியானா பல்கலைக்கழகம், பென்சில்வேனியா. ஆமாம், அங்கே இண்டியானா என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் அலபாமாவை விட்டு இறங்கிப் போக ஒரு துணிச்சல் வேண்டும். அப்புறம் ஈலான், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகங்கள் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். புளூமிங்டனுக்கு வரும்போது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்கு மேற்பட்ட பையன்களும் கூடவே வந்தார்கள். இதைத்தான் நீங்கள் தரகு என்கிறீர்கள். பழைய முதலாளியை நம்பி வேறு கம்பெனிக்கு ஒரு கூட்டமே மாறினால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு.

பணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் பணத்தால் பட்டம் வரும் என்றால் டெக்சஸ் ஏ அண்ட் எம் வீட்டில் அலமாரி நிரம்பி வழிய வேண்டும். அவர்கள் தங்கள் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பி வைக்க மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் ஒத்துக்கொண்டார்கள்.

வாங்கிய அணி எப்படி ஆடும் என்று பார்க்க வேண்டுமானால் 2025 நவம்பர் 8, பென் ஸ்டேட் மைதானத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இண்டியானா அங்கே அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 24-20 என்று பின்னால் இருக்கிறது, மிச்சம் இரண்டு நிமிஷம்கூட இல்லை, எண்பது கெஜம் போக வேண்டும். முதல் பந்திலேயே, நம் அணியில் பந்தை எறிபவரான ஃபெர்னாண்டோ மென்டோசாவை மடக்கிக் கீழே தள்ளினார்கள். அங்கிருந்து துண்டு துண்டாக ஏறி, 36 நொடி இருக்கும்போது மென்டோசா எல்லையின் பின்கோட்டைப் பார்த்து எறிகிறார். ஓமர் கூப்பர் ஜூனியர் எகிறிப் பிடிக்கிறார். உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு கால்விரல் நுனி மட்டும் உள்ளே புல்லைத் தொட்டுவிட்டுப் போகிறது. 27-24. இந்தக் கூப்பர் வாங்கி வந்த ஆள் இல்லை, இண்டியனாபொலிஸ் பையன், உங்கள் பக்கத்து ஊர். எறிந்த மென்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வருஷம்தான் மாறி வந்தவர். வளர்த்தது பாதி, சேர்த்தது பாதி. அந்த விரல் நுனியில் எது எது என்று பிரித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

1991-க்குப் பிறகு, சீசன் முடிவில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்காத அணி, ரோஸ் பௌலில் சிக்னெட்டியின் பழைய அலபாமாவை 38-3 என்று அடித்தது. ஜனவரி 19 அன்று மியாமியை 27-21 என்று முடித்து, 16-க்கு 16. நைட்டின் 32-க்கு 32 நடந்து சரியாக ஐம்பது வருஷம்.

சிக்னெட்டி நாற்காலி எறிவதில்லை. மூன்று டச்டவுன் முன்னால் இருக்கும்போதும் பல்வலிக்காரர் மாதிரி நிற்கிறார். கண்டிப்பு இரண்டு பேரிடமும் இருந்தது, கோபத்தை நாம்தான் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டோம். என் கணிப்பு, சிக்னெட்டிக்கு வாய்த்த பெரிய வசதி அவருக்கு முன்னால் அங்கே யாரும் இல்லாததுதான். ‘அந்தக் காலத்தில்...’ என்று தொடங்க ஃபுட்பால் ரசிகனிடம் ஒரு காலமே இல்லை. பாஸ்கெட்பாலுக்குப் புதிதாக வந்திருக்கும் டேரியன் டெவ்ரீஸ் நைட்டின் ஆள் இல்லை, இண்டியானா ஆளே இல்லை. அது எனக்கு நல்லதாகவே படுகிறது. மூன்று வருஷமாவது அவரை விட்டுவையுங்கள்.

ஒஹாயோ ஸ்டேட் ஃபுட்பால் ரசிகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30-ல் மிச்சிகனிடம் தொடர்ந்து நாலாவது தடவை தோற்றதும் கோச் ரயன் டேவைத் துரத்தச் சொன்னார்கள். ஐம்பத்தொரு நாள் கழித்து அவர் தேசிய சாம்பியன். திட்டியவர்களில் எத்தனை பேர் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றா கேட்கிறீர்கள்? பிறப்புரிமை என்று சும்மாவா சொன்னேன்.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். பால்கனியில் என் பக்கத்து இருக்கைக்கு ஒரு விவசாயி வருவார், எழுபது வயது இருக்கும். முதல் நாள் நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். மெட்ராஸ் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ‘அங்கே நீங்கள் யாரை வெறுப்பீர்கள்?’ என்று கேட்டார். எனக்கு முழி பிதுங்கியது. ‘பரவாயில்லை, இங்கே பர்டியூவை வெறுத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுப் பாப்கார்னை நீட்டினார்.

சிக்னெட்டி வந்த மறுநாள் அதே அசெம்ப்ளி ஹாலில், பாஸ்கெட்பால் ஆட்டத்தின் நடுவே மைக்கைக் கொடுத்தபோது, அவர் முதலில் மட்டம்தட்டியதும் பர்டியூவைத்தான். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் அப்புறம். வீடியோவைப் பார்த்தபோது அந்த விவசாயி ஞாபகம் வந்தது. இப்போது இருக்க மாட்டார். பர்டியூ தோற்றது என்று காலையில் செய்தி பார்த்தால், சென்னையில் எனக்கு அன்றைக்குக் காப்பி கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.