கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தினால் சொரியாசிஸ் போய்விடுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேலை மாறியதும் முழங்கையில் செதில் கூடிவிட்டது, கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. சொரியாசிஸ் நோய் எதிர்ப்பு மண்டலம் தூண்டும் தோல் நோய். சுமார் ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. யாருக்கும் தொற்றாது, தட்டையும் துண்டையும் தனியாக வைக்கச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கத்தரிக்காய்க்கு எதிராக உறுதியான ஆதாரம் இல்லை. மத்தி மாதிரி மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதுதான் சாப்பாட்டு வழியில் கிடைக்கும் பெரிய பலன், மருந்தும் நன்றாகப் பிடிக்கும். ராத்திரி பரோட்டாவையும் தினசரி தட்டுவடை செட்டையும் குறையுங்கள். மதுவும் சிகரெட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோல் இன்னும் வறளும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். செதிலை உரிக்காதீர்கள், காயம் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும்.

பத்தியத்தை நம்பி மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென விட்டால் நோய் கடுமையாகத் திரும்பலாம். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலித்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.