பற்றறி உடைத்த வளவில் கீரை நடலாமா?

கேள்வி: விசுவமடுவில் எங்களுக்கு அரை ஏக்கர் வளவு இருக்கிறது, செம்மண். முன்பு வாடகைக்கு இருந்தவர் பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். பின்மூலையில் வாகனப் பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்திருக்கிறார். அங்கே இப்போது புல்லும் சரியாக முளைப்பதில்லை. கீரையும் மரவள்ளியும் நட யோசிக்கிறோம். வளவுக்குக் கீழே வயல். மண்ணிலுள்ள நஞ்சை ஒரே போகத்தில் எடுத்துவிடும் என்று ஒருவர் தூள் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஈயம் உக்கிப் போகிற பொருள் அல்ல. மேலே தூவுகிற எந்தத் தூளும் அதை மண்ணிலிருந்து வெளியே எடுக்காது. மண்ணோடு அதை இறுக்கிக் கட்டிவைக்கலாம், அவ்வளவுதான். அந்த வேலையை டொலமைற் என்கிற சுண்ணாம்புக்கல் தூளும் நன்றாக உக்கிய கூட்டெருவும் செய்யும். சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்பவரையும் அனுப்பிவிடுங்கள். ஈயத்தைப் பொறுத்தவரை அதற்குப் பல தசாப்தங்கள் பிடிக்கும்.

உங்கள் செம்மண் இந்த விடயத்தில் உங்களுக்குச் சாதகமானது. அதிலுள்ள களியும் இரும்பு ஒட்சைட்டும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பங்கு மேல் அரை அடிக்குள்ளேயே நிற்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இதே வேலை நடந்திருந்தால் அது இன்னும் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். ஆனால் பற்றறி உடைத்த இடத்தில் ஈயத்தோடு கந்தக அமிலமும் ஊற்றப்பட்டிருக்கிறது. மண் புளித்தால், அதாவது பீ.எச். இறங்கினால், களியின் பிடி தளர்ந்து ஈயம் மண்ணின் நீரில் கரையத் தொடங்கும். புல் முளைக்காததற்கும் அந்தப் புளிப்பே காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் பீ.எச். பாருங்கள். 20 கிராம் மண்ணை 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான கருவியை நம்ப வேண்டாம். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் திணைக்களப் பரிசோதனைக்கு வழி சொல்வார். ஆனால் பசளைச் சிபாரிசுக்காகச் செய்யும் அந்தச் சாதாரண பரிசோதனையில் ஈயம் வராது. அதற்குக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்துக்குக் காசு கட்டி அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும்போது வன்னி விவசாயி ஒரு பை மண்ணோடு கொழும்புக்கு ஏன் அலைய வேண்டும் என்பதற்கு எவரிடமும் ஒழுங்கான பதில் கிடையாது.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். “நானே மாதிரி எடுத்து, அறிக்கையும் எடுத்துத் தருகிறேன்” என்பார்கள். வளவு முழுவதும் மண் எடுத்து ஒன்றாகக் கலந்தால் மூலையிலுள்ள ஈயம் நல்ல மண்ணுக்குள் கரைந்து, அறிக்கை சுத்தமாக வரும். காணி விற்பவருக்கு அது வசதி, உங்களுக்கு அல்ல. மாதிரியை நீங்களே எடுங்கள். உடைத்த இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில், 15 சென்றிமீற்றர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். மற்றப் பகுதிக்கு வேறு பை. துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம். அறிக்கையில் அலகையும் கவனியுங்கள்: மண்ணுக்குக் கிலோவுக்கு மில்லிகிராம், தண்ணீருக்கு லீற்றருக்கு மைக்ரோகிராம். இரண்டையும் குழப்பிப் பயமுறுத்தித் தூள் விற்பவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கா வைத்திருந்த 400 மில்லிகிராம் வழிகாட்டி அளவு 2024 இல் 200 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் வந்தால் அந்த மூலையில் கீரையும் கிழங்கும் வேண்டாம்.

பற்றறித் தகடும் சாம்பல் நிறப் பசையும் கண்ணில் பட்டால் மண்ணை நனைத்து, முகமூடியும் கையுறையும் போட்டுப் பொறுக்கி, இரட்டைப் பையில் கட்டி மூடிவையுங்கள். காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று தெரியாமல் மண்வெட்டி போடக் கூடாது. அடையாளம் தெரியாத இரும்பைத் தொடாமல் பொலிஸின் 119 க்கு அறிவியுங்கள். லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பவரிடம் மண்ணைக் கொடுக்க வேண்டாம். அவர் அதை இன்னொருவரின் வயல் வரம்பிலோ குளக்கரையிலோ கொட்டுவார்.

பீ.எச். 6க்குக் கீழே என்றால் சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் டொலமைற், 2 முதல் 3 கிலோ உக்கிய எரு போட்டு அரை அடிக்குக் கொத்திக் கலந்து, நனைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 6.5க்கும் 7க்கும் இடையில் வரவேண்டும். அமிலம் ஊறிய இடத்தில் ஒரு தடவை போதாது. பச்சைக் கோழி எரு வேண்டாம், அதிலிருந்து கரையும் சேதனப் பொருள் உலோகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அமோனியம் சல்பேற்று அங்கே வேண்டவே வேண்டாம், மண்ணை மறுபடி புளிக்க வைக்கும். பிறகு கத்தரி, வெண்டி, பயிற்றை நடலாம். காய்க்குள் ஈயம் குறைவாகவே ஏறும். கீரையில் பெரும்பாலும் மழையில் தெறித்து ஒட்டுகிற மண்தான் பிரச்சினை. கீரையையும் மரவள்ளியையும் வளவின் மறுபக்கத்தில் நடுங்கள்.

வயலுக்கு இதே வைத்தியம் செய்ய வேண்டாம். பழைய பற்றறித் தகடுகளில் ஈயத்தோடு அந்திமனி என்ற உலோகமும் ஆசனிக்கு என்ற நஞ்சும் சிறிது கலந்திருக்கும். ஆசனிக்கின் போக்கு ஈயத்துக்கு நேர்மாறு. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் காற்றில்லாமல் இரும்பு ஒட்சைட்டு கரைய, அது பிடித்து வைத்திருந்த ஆசனிக்கு வெளியே வந்து நெற்பயிருக்குள் ஏறும். சுண்ணாம்பு அதைத் தடுக்காது, சிலவேளை கூட்டிவிடும். வயலைக் காயவிட்டால் ஆசனிக்கு அடங்கும். ஆனால் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் இருந்தால் அது காயும்போதுதான் இளகும். இரண்டையும் ஒரே தண்ணீர் முறையால் அடக்க முடியாது. எனவே காலபோக மழைக்கு முன் பின்மூலையைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு அணை கட்டி, வெள்ளம் வயலுக்கு இறங்காமல் மறியுங்கள்.

மரக்கறியைவிடப் பெரிய ஆபத்து அந்த மூலைத் தூசிதான். விளையாடுகிற பிள்ளையின் கைவழியாக அது வாய்க்குப் போகும். அங்கே கிளறுகிற கோழியின் முட்டையில் ஈயம் வரும், தகட்டை நக்கும் மாடு செத்தே போகலாம். இன்றே வேலி அடையுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே விளையாடியிருந்தால் இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். கிணறு பக்கத்தில் என்றால் தண்ணீரையும் அனுப்புங்கள். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்.